அளக்காத சாலைக்கு அபராதமும் வேண்டாம், குத்தகையும் வேண்டாம்

வேலூர் மாநகராட்சி மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள், மாவட்டக் காவல்துறையின் போக்குவரத்துப் பிரிவு, நெடுஞ்சாலைத்துறைப் பொறியாளர்கள் ஆகியோருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வேலூர் டவுனில் வண்டி நிறுத்தும் இடம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டே வழிகள்தான் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, விரட்டுவது: நாலு நாள் அபராதம், கயிறு, இரும்புத் தடுப்பு, பிறகு பழைய கதை. இன்னொன்று, சாலையோரத்தைக் கட்டண நிறுத்தமாக்கிக் குத்தகைக்கு விடுவது. இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எந்தச் சாலை எத்தனை மீட்டர் அகலம், அதில் நடப்பவருக்கு எவ்வளவு, பேருந்துக்கு எவ்வளவு, நிற்கும் வண்டிக்கு எவ்வளவு என்று அளந்து, பங்கு பிரித்து, தரையில் கோடாகப் போட்டு, ஊருக்குக் காட்ட வேண்டும். அதைச் செய்யாமல் போடும் அபராதத்தையும் விடும் குத்தகையையும் எங்களால் ஏற்க முடியாது. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறோம்.

முதலில் ஊரின் அமைப்பு. பழைய வேலூர் ஒரு பக்கம் கோட்டை அகழி, இன்னொரு பக்கம் மலை, வடக்கே பாலாறு என்று மூன்றுக்கும் நடுவில் ஒடுங்கி வளர்ந்த ஊர். அந்த இடுக்கில்தான் பழைய பஸ் ஸ்டாண்டு, லாங்கு பஜார், மண்டித் தெரு, நேதாஜி மார்க்கெட், அண்ணா சாலை, ஆற்காடு ரோடு, சி.எம்.சி. மருத்துவமனை, அதைச் சுற்றிய லாட்ஜ் தெருக்கள் எல்லாம் அடங்கியிருக்கின்றன. சாலையை இருபுறமும் இடித்து அகலப்படுத்துவது பெரும்பாலான இடங்களில் நடக்காத காரியம். அடுக்குமாடி வாகன நிறுத்தம் ஒன்று கட்டிவிட்டால் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கையும் கோட்டை ஓரத்தில் பலிக்காது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு வெளியே மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி பெற வேண்டும் என்று 2010-ல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. டவுனில் நெரிசல் மிகுந்த பகுதி கோட்டையை ஒட்டியே இருக்கிறது. ஆகவே இருக்கிற சாலையை எப்படிப் பிரித்துக் கொடுக்கிறோம் என்பதுதான் வேலூரின் போக்குவரத்துத் திட்டமே.

இப்போது ஒரு சாலையை எடுத்துக்கொள்வோம். தார் விளிம்பிலிருந்து தார் விளிம்பு வரை 12 மீட்டர் என்று வையுங்கள். ஒரு டூவீலர் குறுக்காக நின்றால் சுமார் 2 மீட்டர் ஆழம் எடுக்கும். விளிம்பில் சேறோ மண்மேடோ இருந்தால் யாரும் பின்சக்கரத்தைக் கடைசிவரை தள்ளமாட்டார்கள். இன்னும் 30 சென்டிமீட்டர் உள்ளே வரும். இருபுறமும் சேர்த்து 4.6 மீட்டர் போயிற்று. மீதி 7.4. அதில் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்ற நின்றால் 1.5 மீட்டர் போய் 5.9 ஆகிறது. பேருந்தின் அகலம் 2.6 மீட்டர் வரை இருக்கலாம் என்பது விதி. இரண்டு பேருந்து எதிரெதிரே வந்தால் 5.2 மீட்டர், பக்கக் கண்ணாடிகள் தனி. நடந்துபோகிறவருக்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. இதில் யாரும் திமிராக ஓட்டவில்லை, யாரும் விதியை வேண்டுமென்றே மீறவில்லை என்றாலும்கூடச் சாலை அடைபடும். போலீஸ்காரர் ஒருவரை வெயிலில் நிறுத்தி விசில் ஊதச் சொல்வதால் இந்தக் கணக்கு மாறாது.

அதே இடத்தில் கார் நின்றால் நிலைமை இன்னும் மோசம். சாலைக்கு இணையாக நிற்கும் காருக்கு, முன்னும் பின்னும் திருப்ப இடம் சேர்த்து, 6 மீட்டர் நீளம் வேண்டும். அந்த 6 மீட்டரில் ஆறு டூவீலர் நிற்கும். 60 மீட்டர் கடை முகப்பு பத்துக் காருக்குப் போதும், அல்லது அறுபது டூவீலருக்குப் போதும். வேலூர் கடைத்தெருவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் டூவீலரில் வருகிறவர்கள், பேருந்தில் இறங்கி நடக்கிறவர்கள். குறுகிய தெருவில் காருக்கு இடம் ஒதுக்குவது, ஒருவருக்காக ஆறு பேரை நடுரோட்டுக்குத் தள்ளுவதாகும். டூவீலரிலும் கணக்குப் பார்க்க வேண்டியது உண்டு. நேர்க் குறுக்காக நிறுத்தினால் 10 மீட்டரில் பத்து வண்டி, ஆழம் 2 மீட்டர். சாலை விளிம்புக்கு 30 பாகைக் கோணத்தில் சாய்த்து நிறுத்தினால் ஆழம் சுமார் 1.7 மீட்டராகக் குறையும், ஆனால் அதே 10 மீட்டரில் ஐந்தாறு வண்டிதான் நிற்கும். எந்தத் தெருவுக்கு எது என்பதை இடத்தில் நாடா பிடித்துத்தான் முடிவு செய்ய முடியும். அலுவலகத்தில் உட்கார்ந்து ஊர் முழுவதுக்கும் ஒரே உத்தரவு போட்டால் பாபுராவ் தெருவுக்குப் பொருந்துவது காட்பாடி ரோட்டுக்குப் பொருந்தாது.

நடைபாதை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டவுனில் சாலை கெடுவது அங்கேதான் தொடங்குகிறது. மழைநீர்க் கால்வாயின் மேல் சிமெண்ட் சிலாப் போட்டு அதையே நடைபாதை என்கிறோம். அந்த சிலாப் ஆள் நடக்கும் பாரத்துக்குப் போட்டது. கடைக்குச் சரக்கு இறக்க வரும் லோடு வண்டியின் பின்சக்கரம் அதன் ஓரத்தில் ஏறும்போது விளிம்பு பெயர்ந்து கம்பி வெளியே தெரியும். அடுத்த மழையில் கம்பி துருப்பிடித்து உப்பி, மீதி சிமெண்டையும் தள்ளிவிடும். ஒரு சிலாப் உள்ளே விழுந்துவிட்டால் அந்த இடத்தில் நடப்பவர் எல்லோரும் சாலையில் இறங்குகிறார்கள். நடக்க ஆளில்லாத நடைபாதையில் டூவீலர் ஏறுகிறது. டூவீலர் வரிசையாக நின்றுவிட்டால் கால்வாய் தூர்வார வரும் தூய்மைப் பணியாளரால் சிலாப்பைத் தூக்க முடியாது. மண் அடைத்துக்கொள்கிறது. ஐப்பசி மழை ஒரு மணி நேரம் பெய்தால் தண்ணீர் சாலையில் நிற்கிறது. தண்ணீர் நின்ற தார் உரிந்து விளிம்பில் பள்ளம் விழுகிறது. பள்ளத்துக்குப் பயந்து வண்டிகள் இன்னும் உள்ளே தள்ளி நிற்கின்றன. மேலே 30 சென்டிமீட்டர் என்று சொன்னது இப்படித்தான் 60 ஆகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியையும் தனியாகப் பழுது பார்த்துப் பயனில்லை. சிலாப்பை மட்டும் மாற்றினால் அடுத்த ஆயுத பூஜைக்குள் அதுவும் உடையும்.

பேவர் பிளாக் பதித்த இடத்திலும் இதுவே நடக்கிறது. நடப்பதற்கு 60 மில்லிமீட்டர் கனமுள்ள கல் போதும். வண்டி ஏறும் என்றால் 80 மில்லிமீட்டராவது வேண்டும், அடியில் இறுக்கிய ஜல்லிப் படுகையும் வேண்டும். 60 மில்லிமீட்டர் கல்லின் மேல் தினமும் வண்டி ஏறினால் அடியில் உள்ள மணல் ஒருபக்கம் ஒதுங்கி, கல் ஆட்டம் காணும். நல்ல கண் உள்ளவரே அதில் தடுமாறுவார். ஊன்றுகோலோடு வருகிற நோயாளி என்ன செய்வார்? வண்டி ஏறக்கூடாது என்றால் ஏற முடியாதபடி செய்யுங்கள்: 1.2 மீட்டருக்கு ஒன்றாகக் கல்தூண். அந்த இடைவெளியில் சக்கர நாற்காலி போகும், கார் போகாது. டூவீலரும் நுழையலாம் என்பதால் சரிவு உள்ள நுழைவாயில்களில் மட்டும் தூண்களை இரண்டு வரிசையாக மாற்றி நட்டு, வண்டி வளைந்து நுழையும்படி அமைத்தால் வேகம் இருக்காது, ஏறும் ஆசையும் குறையும். நடைபாதையில் தடையின்றி நடக்க 1.8 மீட்டர், கர்ப் (நடைபாதையின் ஓரக்கல்) உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேற்படாமை, சரிவுப் பாதை 12-க்கு 1 என்பவை சாலைகளுக்குத் தர அளவுகள் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுகள். புதிதாகக் கண்டுபிடிக்க எதுவுமில்லை. 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேடை மாதிரி நடைபாதை கட்டினால் வயதானவர்கள் அதில் ஏறவே மாட்டார்கள், சாலையில்தான் நடப்பார்கள்.

ஆற்காடு ரோடும் ஐடா ஸ்கடர் சாலையும் மற்றச் சாலைகளைப் போல அல்ல. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று தொலைதூரத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் நாள்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், சுற்றுத் தெருக்களில் தங்கி மருத்துவமனைக்கு நடந்தே வந்துபோகிறார்கள். கட்டுப் போட்ட காலோடும், கையில் ஸ்கேன் உறையோடும், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டும் நடக்கிறவர்கள் அவர்கள். நம் ஊர் சாலை விதியோ மொழியோ அவர்களுக்குப் பழக்கமில்லை. அந்தச் சாலையில் முதல் உரிமை நடப்பவருக்கும் ஆம்புலன்சுக்கும் பேருந்துக்கும். நிற்கும் வண்டிக்குக் கடைசி உரிமைகூட இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. அங்கே வேண்டியது இறக்கிவிடும் இடம். நான்கு கார் ஒரே சமயத்தில் நிற்க, ஒன்றுக்கு 7 மீட்டர் வீதம் 28 மீட்டர். ஒரு வண்டிக்கு மூன்று நிமிடம். வண்டிக்கும் நடைபாதைக்கும் இடையே சக்கர நாற்காலி திரும்ப 1.2 மீட்டர், கர்ப் தரையோடு தரையாக. கூடவே ஒரு ஆள் நின்று வண்டியை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் மூன்று நாளில் அது ஆட்டோ ஸ்டாண்டாகிவிடும். நாள்கணக்கில் நிற்கப்போகிற வெளியூர்க் கார்களுக்கு டவுனுக்கு வெளியே, அரசுத் துறைகள் வசம் உள்ள காலி இடத்தில் நிறுத்தமும், அங்கிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு மினி பஸ்ஸும் வேண்டும். மினி பஸ் இல்லாத புறநகர் நிறுத்தத்துக்கு யாரும் போகமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

அடுத்தது பேருந்து நிறுத்தம். பாகாயத்துக்கும் காட்பாடிக்கும் இடையே ஓடும் 1, 2 எண் டவுன் பஸ்களை நம்பித்தான் இந்த ஊரின் பாதி வேலை நடக்கிறது. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதனால் நிறுத்தங்களில் காத்திருக்கும் பெண்கள் கூட்டம் எப்போதும் உண்டு. நிறுத்தத்தில் டூவீலர்களும் ஆட்டோக்களும் அடைத்திருந்தால் பஸ் நடுரோட்டில் நிற்கிறது. கர்ப் மேலிருந்து ஏறினால் 15 சென்டிமீட்டர் உயரம் கைகொடுக்கும். நடுரோட்டிலிருந்து ஏறும்போது அந்த உதவி இல்லாமல், முழங்கால் வலியோடு ஒரு பாட்டி கம்பியைப் பிடித்து உந்தி ஏற வேண்டியிருக்கிறது. பின்னால் வரும் டூவீலர் இடது இடுக்கில் நுழைகிறது. இறங்குகிறவர் மேல் மோதும் ஆபத்து அங்கேதான். 12 மீட்டர் நீளமுள்ள பஸ் ஓரத்துக்கு ஒடித்து, நேராகி, மறுபடி வெளியே வர மொத்தம் 30 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். நிழற்குடை கட்டுவதில் காட்டும் அக்கறையில் பாதி இந்த 30 மீட்டரைக் காலியாக வைப்பதில் காட்டினால் போதும். நிழற்குடைக்கு முன்னால் மஞ்சள் கட்டமும், கட்டத்தின் இரு முனையிலும் போர்டும் இல்லாமல் நிழற்குடை மட்டும் இருந்தால், அது டூவீலர்களுக்கு நிழல் தரும் கொட்டகையாகிவிடுகிறது.

ஷேர் ஆட்டோக்காரர்களைக் குற்றவாளிகளாக்க நாங்கள் தயாரில்லை. பஸ் போகாத தெருவுக்கெல்லாம் அவர்கள்தான் போகிறார்கள். அவர்கள் சந்திப்பின் வாயிலிலேயே நிற்பதற்குக் காரணம், ஆள் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான் என்பது. சந்திப்பிலிருந்து 25 மீட்டர் தள்ளி, போகும் திசையில், நாலு ஆட்டோ நிற்க இடம் குறித்து, நிறைந்தால் அடுத்தது முன்னேறும்படி வரிசை வைத்துக் கொடுத்தால் அங்கே நிற்பார்கள். இடமே குறிக்காமல் "இங்கே நிற்காதே" என்றால் பத்து மீட்டர் தள்ளி நின்றுவிட்டுத் திரும்பி வருவார்கள். புதிய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கிரீன் சர்க்கிள் சந்திப்புக்கும் இதுவே பொருந்தும். 2022-ல் திறந்த அந்த பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டு வாயில்களில் ஆள் ஏற்றி இறக்கும் பழக்கம் இருக்கும்வரை உள்ளே எத்தனை நடைமேடை கட்டினாலும் வெளியே நெரிசல் குறையாது. காட்பாடியில் ஓடை பிள்ளையார் கோயில் சந்திப்பிலிருந்து சித்தூர் பஸ் ஸ்டாண்டு வரையிலும், ரயில்வே மேம்பாலத்தின் இறக்கங்களிலும் ஒரு வண்டிகூட நிற்கக்கூடாது. 2022-ல் பராமரிப்புக்காக அந்த மேம்பாலத்தை மூடியபோது ஊர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். மாற்று வழி அவ்வளவு அரிது.

சரக்கு வண்டி விஷயத்தில் மண்டித் தெருவிலும் லாங்கு பஜாரிலும் வியாபாரிகளோடு உட்கார்ந்து பேசாமல் உத்தரவு போட்டால் நிற்காது. பெரிய லாரி இரவு 10 முதல் காலை 7 வரை என்று வைத்தால், மூட்டை இறக்கும் தொழிலாளர்களுக்கு இரவுக் கூலி யார் கொடுப்பது, தெருவிளக்கு போதுமா, கடையை யார் திறந்துவைப்பது என்ற மூன்று கேள்விக்கும் பதில் வேண்டும். பகலில் 'சின்ன யானை' எனப்படும் சிறிய லோடு வண்டிக்கு மட்டும், தெருவுக்கு ஒன்றோ இரண்டோ, 20 நிமிட இறக்குமிடம் குறித்துக் கொடுங்கள். அந்த இடத்தில் கால்வாய் சிலாப்பை வண்டி பாரத்துக்கு ஏற்பத் தடித்ததாக, இரட்டைக் கம்பி வலையோடு வார்த்துப் போடுங்கள். அப்போது மற்ற இடத்து சிலாப் பிழைக்கும்.

சாலையோர வியாபாரிகளை வண்டிக்கு இடம் தேடி அப்புறப்படுத்துவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கமாட்டோம். 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் வெளியேற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதம் அவர்களின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். பூ விற்கும் அம்மா எடுத்துக்கொள்ளும் இடம் ஒரு டூவீலர் இடம்கூட இல்லை. பங்கு பிரிக்கும்போது அவருக்கும் கட்டம் போடுங்கள்.

இனி, குத்தகை. சாலையோர நிறுத்தத்தை மொத்தத் தொகைக்கு ஏலம் விட்டால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாட்டின் எந்தச் சந்தை வாசலிலும் பார்க்கலாம். எடுத்தவருக்குப் போட்ட பணத்தை எடுக்க வேண்டும். ஆகவே ஒரு வரிசைக்கு அனுமதி என்றால் இரண்டு வரிசை அடுக்குவார். எல்லை தரையில் குறிக்கப்படாததால் எல்லை நாளுக்கு நாள் நீளும். நடைபாதையில் நின்ற வண்டிக்கும் வசூல் நடக்கும், ரசீதில் தேதியோ நேரமோ இருக்காது, கேட்டால் "டெண்டர் எடுத்திருக்கோம்" என்பதே பதில். வசூலிப்பவர் பெரும்பாலும் தினக்கூலிக்கு நிற்கும் ஏழைப் பிள்ளை. மக்கள் கோபம் முழுக்க அவன் தலையில் விழும். கட்டணமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. இலவச இடத்தில் காலை 9 மணிக்குக் கடைக்காரரும் ஊழியரும் வண்டியைப் போட்டு இரவு 9-க்கு எடுத்தால், மணிக்கு ஒருவராகப் பன்னிரண்டு வாடிக்கையாளர் நிறுத்தக்கூடிய இடத்தை ஒரு வண்டி பிடித்துக்கொள்கிறது. கட்டணம் இதை மாற்றும். ஆனால் கட்டணம் எவ்வளவு என்பதை வருமான இலக்கு தீர்மானிக்கக் கூடாது. ஏழு இடத்தில் ஒன்று எப்போதும் காலியாக இருக்கும் அளவுக்கு, அதாவது நிறைவு 85 சதவீதத்தைத் தாண்டாதபடி, கட்டணம் இருந்தால் சரி. தாண்டினால் அந்த நேரத்துக்கு மட்டும் ஏற்றுங்கள். காலியாகக் கிடந்தால் குறையுங்கள். மருந்து வாங்க நிற்பவருக்கு முதல் 15 நிமிடம் இலவசம். நேரம் கூடக் கூட மணிக்கட்டணமும் கூட வேண்டும். குத்தகைதாரருக்குப் பதில் பராமரிப்பு ஒப்பந்தக்காரருக்கு மாதம் இவ்வளவு என்று கூலி கொடுங்கள். வசூல் கையடக்க இயந்திரம் வழியாகவும் க்யூஆர் வழியாகவும் நேரே மாநகராட்சிக் கணக்குக்குப் போகட்டும். அப்போது கூடுதல் வண்டி அடுக்குவதில் யாருக்கும் ஆதாயமில்லை.

அபராதத்துக்கும் இதே அடிப்படைதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்போடு கலந்து நிறுத்துமிடங்களைத் தீர்மானிக்க வழி சொல்கிறது. 2022 அக்டோபரில் தமிழ்நாடு நடைமுறைப்படுத்திய அபராதப்படி முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500. ஒரு கூலித் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளம் அதில் போய்விடும். எங்கே நிறுத்தலாம் என்று காட்டாமல் எங்கே நிறுத்தினாலும் தப்பு என்று அந்தத் தொகையை வாங்குவது நியாயமில்லை. ஒருவழிப் பாதையில் ஒரு பக்கம் முழுக்க நிறுத்தத் தடை, மறுபக்கம் கட்டம் என்று தெளிவாகப் போட்டுவிட்டு, கட்டத்துக்கு வெளியே நின்றால் பாரபட்சமில்லாமல் அபராதம் போடுங்கள். அரசு ஸ்டிக்கர் ஒட்டிய கார், கட்சிக்கொடி கட்டிய கார், பத்திரிகை என்று எழுதிய கார் எல்லாவற்றுக்கும் சேர்த்து. அதை முதல் ஆளாக நாங்கள் வரவேற்போம்.

கோடு போடுவதிலும் தரம் வேண்டும். சாதாரண பெயிண்ட் ஒரு மழைக்காலம் தாங்காது. தெர்மோபிளாஸ்டிக் பூச்சு 2.5 மில்லிமீட்டர் கனத்தில், சாலையைக் கூட்டித் தூசி போக ஊதி, ஈரமில்லாத நாளில், மேலே கண்ணாடி மணி தூவிப் போட்டால் நிற்கும். சிமெண்ட் தளமானால் முதலில் ப்ரைமர். குழாய்க்கோ கேபிளுக்கோ அடுத்த மாதம் தோண்டப்போகிற சாலையில் இந்த மாதம் கோடு போடுவது வீண். தோண்டிய பள்ளத்தை 15 சென்டிமீட்டர் அடுக்கு அடுக்காக நிரப்பி இடிக்காமல், மண்ணை மொத்தமாகக் கொட்டி மேலே தார் பூசினால் அடுத்த மழையில் கோட்டோடு சேர்ந்து இறங்கிவிடும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

முப்பது நாளுக்குள், டவுனிலும் காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் எந்தச் சாலை மாநகராட்சியுடையது, எது மாநில நெடுஞ்சாலைத்துறையுடையது, எது தேசிய நெடுஞ்சாலை என்ற வரைபடத்தை, பொறுப்பு அதிகாரியின் பதவியோடும் அலுவலகத் தொலைபேசி எண்ணோடும் வெளியிடுங்கள். உடைந்த சிலாப்புக்கு யாரிடம் போவது என்று மக்கள் மூன்று அலுவலகம் ஏறி இறங்கக் கூடாது.

அறுபது நாளுக்குள் நிறுத்தக் கணக்கெடுப்பை முடியுங்கள். காலை 6 முதல் இரவு 10 வரை, அரை மணிக்கு ஒருமுறை நடந்து, நிற்கும் ஒவ்வொரு வண்டியின் பதிவெண்ணின் கடைசி நாலு இலக்கத்தையும் வண்டி வகையையும் இடத்தையும் குறித்தால் போதும். எது வந்துபோகும் வண்டி, எது நாள் முழுக்க நிற்கும் வண்டி என்பது தெரிந்துவிடும். ஒருவர் அரை மணியில் 400 மீட்டர் நீளம் பார்க்கலாம். சாதாரண வேலைநாள் ஒன்று, ஞாயிறு ஒன்று, முகூர்த்த நாள் ஒன்று கட்டாயம். பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, காட்பாடியில் வி.ஐ.டி. இருக்கிறது, சிவில் படிக்கும் மாணவர்களைச் சான்றிதழும் படியும் கொடுத்து இதில் சேர்க்கலாம். அதே நாளில் நடப்பவர்களையும் எண்ணச் சொல்லுங்கள். வண்டியை மட்டும் எண்ணினால் வண்டிக்குத்தான் திட்டம் வரும். எடுத்த கணக்கை அப்படியே பொதுவில் வையுங்கள்.

தொண்ணூறு நாளுக்குள் ஆற்காடு ரோட்டின் மருத்துவமனைப் பகுதியிலும் அண்ணா சாலையில் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பகுதியிலும் முதலில் கோடு போட்டு நடைமுறைப்படுத்துங்கள்: தடையில்லாத நடைபாதை, 30 மீட்டர் பேருந்துக் கட்டம், இறக்கிவிடும் இடம், ஆட்டோ வரிசை, 3.6 மீட்டர் அகலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுத்தம், தீயணைப்பு வண்டி நுழைய எந்தத் தெருவிலும் குறையாத 4 மீட்டர் திறந்த வழி. மூன்று மாதம் ஓட்டிப் பார்த்துத் திருத்திய பிறகு மற்ற தெருக்களுக்குப் போகலாம்.

வணிகக் கட்டட உரிமையாளர்கள் அனுமதி வரைபடத்தில் வாகன நிறுத்தம் என்று காட்டிய தரைத்தளமும் அடித்தளமும் இன்று குடோனாகவோ கடையாகவோ மாறியிருந்தால், வரைபடத்தோடு ஒப்பிட்டு ஆய்வு செய்து நிறுத்தமாகவே மீட்டுக் கொடுங்கள். சாலையில் புதிதாக ஒரு இடம் தேடுவதற்கு முன்னால் ஏற்கெனவே கணக்கில் இருக்கும் இந்த இடங்கள் திறக்கட்டும்.

கணக்கெடுப்பும் வரைபடமும் மாமன்றத்தில் வைக்கப்பட்டு, வார்டு குழுக்களிலும் பகுதி சபாக்களிலும் பேசப்படும்வரை எந்தச் சாலையோர நிறுத்தத்தையும் மொத்தக் குத்தகைக்கு விடாதீர்கள். கட்டணம் வந்தபின் ஒவ்வொரு தெருவிலும் எல்லை, இடங்களின் எண்ணிக்கை, கட்டணம், ஒப்பந்தம் முடியும் தேதி, புகார் எண் அடங்கிய தமிழ்ப் பலகை வையுங்கள். ஆற்காடு ரோடு பகுதியில் வங்காளத்திலும் இந்தியிலும் சேர்த்து. வரும் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, அந்தந்தத் தெருவின் நடைபாதைக்கும் சிலாப்புக்கும் விளக்குக்கும் செலவிட்டு, காலாண்டுக்கு ஒருமுறை வரவு செலவைப் பலகையில் ஒட்டுங்கள்.

இந்த மடலுக்குத் துறைவாரியாக எழுத்தில் பதில் வேண்டும்: எதை எந்தத் தேதிக்குள் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, செய்ய முடியாததற்குக் காரணம் என்ன. அளக்கவும் எண்ணவும் கோடு போடும் இரவில் கூட நிற்கவும் ஆட்களோடு வரத் தயாராக இருக்கிறோம். எந்த நாள், எந்தத் தெரு என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி சாலைகளை அன்றாடம் பயன்படுத்தும் நகரவாசிகள்